அடுக்களையும் ஒரு கல்விக்கூடமே

கல்வி என்றதும் பள்ளிக்கூடமும் பலகையும் புத்தகமுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால், பள்ளியில் காலடி எடுத்து வைக்கும் முன்னரே குழந்தை கற்கத் தொடங்கிவிடுகிறது. தாயின் மடியில் மொழியைக் கற்கிறது. முற்றத்தில் நடை பயில்கிறது. வாயிலில் நின்று உலகியலைக் காண்கிறது. இவற்றுக்கு இணையான கல்விக்கூடம் இன்னும் ஒன்று வீட்டிலேயே உண்டு. அது நாள்தோறும் தவறாமல் நடைபெறுவது, கட்டணம் இல்லாதது, கண், காது, மூக்கு, நா, கை ஆகிய ஐந்துக்கும் ஒருங்கே வேலை தருவது. அதுவே அடுக்களை.

எனினும், அடுக்களைக்குள் நுழையும் குழந்தை பெரும்பாலும் கேட்கும் சொல், "இங்கே வராதே, போய் விளையாடு" என்பதே ஆகும். அச்சொல்லில் அன்பும் உண்டு, அச்சமும் உண்டு, அவசரமும் உண்டு. அடுப்பு சுடும், கத்தி வெட்டும், பள்ளிக்கும் அலுவலுக்கும் நேரம் ஆகிவிடும். ஆகவே, குழந்தையை வெளியே அனுப்பிவிடுவது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால், நான்கு வயதில் பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட குழந்தையைப் பதினான்கு வயதில் உதவிக்கு அழைத்தால், அது வர மனம் கொள்வதில்லை. விருப்பம் இருந்த காலத்தில் வேலை கொடுக்கப்படவில்லை. வேலை கொடுக்கப்படும் காலத்தில் விருப்பம் இருப்பதில்லை.

சமைத்துப் பார்க்கும் ஆசை குழந்தைகளுக்கு இயல்பானது. மணலைக் குவித்துச் சிறுவீடு கட்டி, அதில் மணலையே சோறாகச் சமைத்து விளையாடுவது தமிழ் நாட்டுச் சிறுமியரின் பழைய விளையாட்டு. அவ்வீட்டைச் சிற்றில் என்றும், அச்சோற்றைச் சிறுசோறு என்றும் தமிழ் நூல்கள் வழங்குகின்றன. மண்ணாலும் மரத்தாலும் செய்த சொப்புகள் இந்த விளையாட்டுக்கென்றே தோன்றியவை. அம்பாசமுத்திரத்துக் கைவினைஞர் மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யும் சொப்புகளில் அடுப்பு, பானை, குடம், உரல், அம்மி முதலிய அடுக்களைப் பொருள்கள் எல்லாம் உண்டு. சற்று வளர்ந்த சிறுவர் சிறுமியர் வீட்டுக்கு வீடு கொஞ்சம் அரிசியும் பருப்பும் காயும் கொண்டுவந்து, ஒன்றாகக் கூட்டிச் சமைத்து உண்பதும் உண்டு. கூட்டாஞ்சோறு என்னும் உணவுக்கு அப்பெயர் அமைந்தது அதனாலேயே ஆகும்.

குழந்தையின் இந்த ஆசையைக் கல்விக்குப் பயன்படுத்தியவர்களுள் மரியா மாண்டிசோரி அம்மையார் குறிப்பிடத்தக்கவர். இத்தாலி நாட்டு மருத்துவரான இவர், 1907ஆம் ஆண்டில் உரோம் நகரத்தில், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில், 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். அங்கே எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்பாக, கை கழுவுதல், மேசை துடைத்தல், நீர் ஊற்றுதல், உணவு பரிமாறுதல் முதலிய வாழ்க்கைப் பணிகளே பாடங்களாக அமைந்தன. நான்கு வயதுக் குழந்தைகள் சூடான சாற்றுக் கலத்தைத் தளும்பாமல் ஏந்திச் சென்று தம் தோழர்களுக்குப் பரிமாறியதைக் கண்டு, பார்க்க வந்தவர்கள் வியந்தனர். குழந்தையின் கைக்கு ஏற்ற அளவில் கருவியும், செய்து முடிக்கப் போதிய நேரமும் கொடுத்தால், குழந்தை பொறுப்புடன் நடந்துகொள்ளும் என்பது அம்மையாரின் கண்டறிவு. 1939ஆம் ஆண்டில் அவர் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இந்நாட்டில் அவர் முறை பரவுவதற்கு அப்பயிற்சி பெரிதும் துணைசெய்தது.

குழந்தையை அடுக்களைப் பணியில் ஈடுபடுத்துவது என்றால், அடுப்பின் முன்னே நிறுத்திக் கரண்டியைக் கையில் கொடுப்பது அன்று. சமையல் என்பது அடுப்புக்கு நெடுந்தொலைவிலேயே தொடங்கிவிடுகிறது. அரிசியில் கல் பொறுக்குவதும், கீரை ஆய்வதும், காய் கழுவுவதும், இலை போடுவதும் சமையலின் பகுதிகளே. இவற்றுள் எதனை எவ்வயதில் கொடுக்கலாம் என்று அறிந்து கொடுப்பதே பெரியவர்களின் கடமை.

மூன்று வயதுக் குழந்தை அகன்ற பாத்திரத்து நீரில் தக்காளியையும் கத்தரிக்காயையும் கழுவும். கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவும். உருளைக்கிழங்கை ஒரு கூடையிலும் வெங்காயத்தை மற்றொரு கூடையிலுமாகப் பிரித்து வைக்கும். ஐந்து வயதில் முருங்கைக்கீரை உருவவும், சப்பாத்தி மாவைப் பிசையவும், கொழுக்கட்டைக்கு மாவு உருட்டவும் அதனால் இயலும். ஏழு எட்டு வயதில் அரிசியை அளந்து களையலாம், வாழைப்பழம் போன்ற மென்மையான பொருள்களை மழுங்கிய கத்தியால் நறுக்கலாம், மோர் கடையலாம். பத்து வயதுக்கு மேல், பெரியவர் அருகில் நிற்க, அடுப்பைப் பயன்படுத்தும் முறையைச் சிறிது சிறிதாகக் கற்கலாம். எல்லாக் குழந்தைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஆகையால், வயதைக் காட்டிலும் கையின் திறத்தையும், சொல்வதைக் கேட்டு நடக்கும் பழக்கத்தையும் நோக்குவதே முறை.

ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருக்கிறார். அருகே ஐந்து வயதுப் பேரன் வந்து அமர்கிறான்.

"பாட்டி, நானும் செய்கிறேன்" என்கிறான்.

"செய் ஐயா. ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு கள்ளன் ஒளிந்திருக்கிறான். அவனைப் பிடித்து வெளியே போடு, பார்ப்போம்" என்கிறார் பாட்டி.

சிறுவன் பூவை விரித்துப் பார்க்கிறான். மெல்லிய நரம்புகளுக்கு நடுவே, தலை பருத்த, விறைப்பான நரம்பு ஒன்று நிற்கிறது. அதனைப் பிடித்து இழுத்து, "கள்ளன் அகப்பட்டான்!" என்று கூவுகிறான்.

"அவன் வேகவும் மாட்டான், மெல்லவும் விடமாட்டான். அதனால்தான் அவனை முன்னதாகவே பிடித்துவிட வேண்டும்" என்று பாட்டி விளக்குகிறார். பிறகு, கண்ணாடி போன்ற சிறு செதிலையும் காட்டி, அதையும் நீக்கச் சொல்கிறார்.

அரைமணி நேரத்தில் பாட்டி இருபது பூக்களை ஆயும்போது, சிறுவன் ஆறு பூக்களையே ஆய்கிறான். அவற்றுள் இரண்டில் கள்ளன் தப்பிவிடுகிறான். பாட்டி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "இவ்விரண்டையும் மறுமுறை சோதித்துப் பார்" என்று அவனிடமே கொடுக்கிறார். நண்பகலில் வாழைப்பூப் பொரியல் இலையில் விழுந்தபோது, அதுவரை அதனைத் தொடாத சிறுவன், "இது நான் ஆய்ந்தது" என்று சொல்லி உண்கிறான். அன்று அவன் கற்றது சமையல் மட்டும் அன்று. பூவின் உறுப்புகளை அறிந்தான். செய்த வேலையைச் சரிபார்க்கக் கற்றான். உழைப்பின் சுவையையும் உணர்ந்தான்.

குழந்தைகள் புதிய காய்கறிகளை முதல்முறை மறுப்பது இயல்பே. ஒரு காயைப் பத்து முறைக்கு மேலும் கண்டு, தொட்டு, சிறிது சுவைத்துப் பார்த்த பின்னரே சில குழந்தைகள் அதனை ஏற்கின்றன. வற்புறுத்தி ஊட்டுவதனால் வெறுப்பே மிகும். தன் கையால் கழுவி, ஆய்ந்து, கிளறிய பொருளோ குழந்தைக்கு அயலானதாகத் தோன்றுவதில்லை. கீரையை வெறுக்கும் குழந்தைக்குக் கீரையின் நன்மைகளை எடுத்துரைப்பதைவிட, கீரைக்கட்டைப் பிரித்துக் கையில் கொடுப்பது சிறந்த வழியாகும்.

அடுக்களை கணக்கையும் கற்பிக்கிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. இந்திய அரசு 1956ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, பதின்ம முறை எடைகளையும் அளவைகளையும் படிப்படியாகக் கொண்டுவந்தது. கடைகளில் கிலோகிராமும் லிட்டரும் வழக்கத்திற்கு வந்துவிட்டன. ஆயினும், பல வீடுகளின் அரிசிப் பாத்திரத்துக்குள் ஆழாக்கு இன்றும் இருக்கிறது. ஒரு பங்கு பச்சரிசிக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு நீர்; நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று அளக்கும் குழந்தைக்கு விகிதம் என்பது கண்முன் நிற்கும் பொருளாகிவிடுகிறது. ஐந்து பேருக்கு ஆறு தோசை இருந்தால் எவ்வாறு பங்கிடுவது என்ற கேள்வியில் பின்னக் கணக்கும் அடங்கியிருக்கிறது. பகிர்ந்துண்ணும் பண்பும் அடங்கியிருக்கிறது.

அறிவியலுக்கும் அங்கே குறைவில்லை. மாலையில் அரைத்து வைத்த இட்லி மாவு, காலையில் பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கி நிற்பதைக் காணும் குழந்தை, "இதை யார் தள்ளியது?" என்று கேட்கும். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரைப் பொருளை உண்டு பெருகுகின்றன. அப்போது கரியமில வாயுவும் புளிப்பும் உண்டாகின்றன. உளுந்து மாவின் கொழகொழப்பு அவ்வாயுவை வெளியேறவிடாமல் பிடித்துக்கொள்வதனால் மாவு பொங்குகிறது. இட்லியும் மென்மை அடைகிறது. கோடையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, குளிர்காலத்தில் அதற்கு மேலும் காலம் கொள்கிறது. வெப்பம் குறைந்தால் நுண்ணுயிர்களின் வேலையும் தளர்வதே அதற்குக் காரணம்.

அவ்வாறே, காய்ந்த எண்ணெயில் இட்ட கடுகு வெடிப்பதற்கும் காரணம் உண்டு. கடுகினுள் இருக்கும் சிறிதளவு நீர், வெப்பத்தால் ஆவியாகி, வெளியேற வழியின்றி, தோலைப் பிளந்துகொண்டு வருகிறது. பாசிப்பயற்றை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தால், அடுத்த நாளில் வெண்ணிற முளை தோன்றுகிறது. உலர்ந்த பயற்றில் மிக அருகியிருக்கும் 'சி' உயிர்ச்சத்து, முளைக்கும்போது பெருகுகிறது. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவினாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும், நீரில் கரையும் உயிர்ச்சத்துகள் வீணாகின்றன. இவற்றைப் புத்தகத்தில் படிக்கும் மாணவர் மறந்துவிடக்கூடும். கண்ணால் கண்ட குழந்தை எளிதில் மறப்பதில்லை.

நன்மைகள் பலவாயினும், அடுக்களையில் இடர்களும் உண்டு. குழந்தையின் தோல் பெரியவர் தோலைவிட மெல்லியது. பெரியவர் கையைச் சிறிது சிவக்கச் செய்யும் நீர், குழந்தையின் உடலில் ஆழ்ந்த புண்ணை உண்டாக்கிவிடும். ஆகவே, சில விதிகளை எக்காலத்தும் தளர்த்தலாகாது. எரியும் அடுப்பைச் சுற்றி, இரண்டு முழத் தொலைவுக்குள் சிறு குழந்தை வரக் கூடாது. வாணலியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிராமல், உட்புறமாகத் திரும்பியிருக்க வேண்டும். சோறு வடிக்கும்போதும், குக்கரைத் திறக்கும்போதும், எண்ணெய் காயும்போதும் குழந்தை அருகே இருத்தல் கூடாது. நீண்ட பாவாடையும் தொங்கும் துணியும் அடுப்பருகே ஆகா. பச்சைமிளகாயைச் சிறு குழந்தைகளிடம் கொடுக்கலாகாது. அதனைத் தொட்ட கை கண்ணில் படின் பெருந்துன்பம் விளையும். பட்டாணி, வேர்க்கடலை போன்றவற்றைக் குழந்தை மூக்கிலோ வாயிலோ இட்டுக்கொள்ளாமல் காத்தல் வேண்டும்.

சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவை உடனே உணர்வதற்காகவே கடுநாற்றம் உடைய பொருள் ஒன்று அதனுடன் கலக்கப்படுகிறது. அவ்வாயு காற்றைவிடக் கனமானது; ஆதலால் மேலே எழாமல் தரையோரம் தங்குகிறது. அந்நாற்றம் வந்தால், மின்விசைப் பொத்தான் எதனையும் தொடாமலும், தீக்குச்சி கிழிக்காமலும், கதவையும் சன்னலையும் திறந்துவிட்டுக் குழந்தைகள் வெளியேற வேண்டும். பெரியவர் உருளையின் வாயிலை மூட வேண்டும். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. நீர் எண்ணெயின் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் சிதறச் செய்துவிடும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடியால் மூடுவதே வழி. உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும்.

சுட்டுக்கொண்ட இடத்தில் மை, பற்பசை, நெய் முதலியவற்றைத் தடவும் வழக்கம் தீமையே தரும். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டி, கொப்புளத்தை உடைக்காமல், தூய துணியால் மூடி, மருத்துவரிடம் கொண்டுசெல்லுதல் வேண்டும். இவ்விதிகளை அச்சுறுத்திச் சொல்லாமல், காரணத்தோடு சொன்னால் குழந்தை உள்ளம் ஏற்றுக்கொள்கிறது. அடுக்களையையே அறியாமல் வளரும் குழந்தையைவிட, அதன் இயல்பை அறிந்து வளரும் குழந்தைக்கே பாதுகாப்பு மிகுதி.

சமையல் பயிற்சி சிறுமியர்க்கே உரியது என்னும் எண்ணம் பொருந்தாது. சுவை மிக்க சமையலை நளபாகம் என்றும் வீமபாகம் என்றும் உலகம் போற்றுகிறது. நளனும் வீமனும் ஆடவர் அல்லரோ? மணவிழாக்களில் ஆயிரம் பேருக்குச் சமைப்போருள் ஆடவரே மிகுதி. அவ்வாறிருக்க, வீட்டு அடுக்களையில் மட்டும் ஆண் குழந்தை நுழையலாகாது என்பது நேர்மை ஆகாது. பசி இருபாலார்க்கும் பொது. ஆகவே பசி தீர்க்கும் கலையும் இருபாலார்க்கும் பொது. ஜப்பான் நாட்டுப் பள்ளிகளில் மாணவரும் மாணவியரும் வெண்ணிற மேலாடை அணிந்து, நண்பகல் உணவைத் தாமே பரிமாறி, உண்ட பின் தாமே இடத்தைத் தூய்மை செய்கின்றனர். 2005ஆம் ஆண்டில் அந்நாடு உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டமும் இயற்றியது.

இங்கே மற்றொன்றையும் மறத்தல் கூடாது. பயிற்சி வேறு, சுமை வேறு. கீரை ஆயும் சிறுமி மகிழ்ச்சியோடு கற்கிறாள். ஆனால், வீட்டுச் சமையல் முழுவதையும் தலையில் ஏற்று, அதன்பொருட்டுப் பள்ளிக்குச் செல்லாமல் நின்றுவிடும் சிறுமி கற்பதில்லை, கல்வியை இழக்கிறாள். இவ்விழப்பு பெரும்பாலும் பெண் குழந்தைகளையே சேர்கிறது. ஒரு வேலை குழந்தையின் படிப்பையோ உறக்கத்தையோ விளையாட்டையோ பறிக்குமானால், அது பயிற்சி என்னும் பெயர்க்கு உரியது அன்று. வேலையை வீட்டிலுள்ளோர் அனைவரும் பங்கிட்டுக்கொண்டால், ஒருவர் தலைமேல் மட்டும் சுமை ஏறாது. குழந்தையின் பங்கு அவற்றுள் மிகச் சிறியதாகவே இருத்தல் வேண்டும்.

குழந்தையோடு சமைக்கும்போது வேலை விரைந்து முடியாது. மாவு சிந்தும், நீர் தளும்பும், சப்பாத்தி வட்டமாக வராமல் பல வடிவங்களில் வரும். காலைப் பரபரப்பில் இதற்கெல்லாம் பொறுமை இராது என்பது உண்மையே. ஆயினும், வாரத்தில் ஒரு விடுமுறை நாளில் அரைமணி நேரம் ஒதுக்குதல் பெரும்பாலான வீடுகளில் இயலும். வீட்டிலுள்ள அண்ணனும் அக்காளும் இப்பொறுப்பை ஏற்றுக்கொண்டால், பெற்றோரின் பளுவும் குறையும். தம்பி தங்கையரின் ஆவலும் நிறைவேறும். சிந்தியதைத் துடைக்கும் துணியையும் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிட்டால், அதுவும் ஒரு பாடமாகும்.

தட்டில் விழும் ஒரு பிடி சோற்றுக்குப் பின்னே உழவர் உழைப்பு இருக்கிறது; அதனைச் சமைத்தோரின் உழைப்பும் இருக்கிறது. கல் பொறுக்கிய கையும், மாவு பிசைந்த கையும் அவ்வுழைப்பை அறியும். அறிந்த கை உணவை வீணாக்கத் துணியாது. 'இன்றைய சமையலில் எனக்கும் பங்கு உண்டு' என்று மகிழும் குழந்தை, நாளைக்கு வீட்டின் பொறுப்பிலும் நாட்டின் பொறுப்பிலும் தனக்குப் பங்கு உண்டு என்று உணரும். ஆகவே, வாயிலில் நின்று எட்டிப் பார்க்கும் குழந்தையைத் திருப்பி அனுப்பாமல், "வா, இந்தக் கறிவேப்பிலையை உருவிக் கொடு" என்று அழைப்பதே அறிவுடைமை ஆகும்.